புதுப்பனி எதன் மேல் விழுந்திருக்கிறது?

"அக்கா, ஒரு குழி தோண்டிப் பார்த்துட்டா சரிவு நிக்குமா நிக்காதான்னு தெரிஞ்சுடும் இல்ல?"

யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்கு வேலைக்கு வந்து தன் முதல் குளிர்காலத்தைப் பார்க்கும் தம்பி ஒருவன் கேட்ட கேள்வி இது. ஸ்கீ, மேலேறும்போது அதன் அடியில் ஒட்டும் ஸ்கின், புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவியான பீக்கன், பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட கம்பியான ப்ரோப், மண்வெட்டி எல்லாம் வாங்கிவிட்டான். இரவு முழுக்கப் பனி கொட்டிக்கொண்டிருந்தது, மறுநாள் விடுமுறை. பனியில் ஒரு குழி வெட்டி உள்ளே இருக்கும் அடுக்குகளைப் பார்த்தால், அந்த மலைச்சரிவில் பனி அப்படியே நிற்குமா, பனிச்சரிவாக இறங்குமா என்று தெரிந்துவிடும் என்பது அவன் எண்ணம். தெரிந்துவிடாது என்று சொன்னேன். ஏன் என்று நேரில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். இங்கேயும் கொலராடோவிலும் சியாட்டில் பக்கமும் மலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே வருகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் ஊரிலிருந்து வாசாட்ச் மலைத்தொடருக்கு அரை மணி நேரக் கார்ப் பயணம். லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கின் உச்சியில் இருக்கிறது ஆல்ட்டா என்ற ஸ்கீ ஊர். ஒரு குளிர்காலத்தில் அங்கே சராசரியாக 500 அங்குலத்துக்கு மேல் பனி விழும். அதாவது 12 மீட்டருக்கும் அதிகம். அந்தப் பள்ளத்தாக்குச் சாலையைக் குறுக்கிடும் பனிச்சரிவுப் பாதைகள் மட்டும் 60க்கு மேல். பெரும் புயலின்போது சாலையை மூடிவிடுவார்கள், மேலே தங்கியிருப்பவர்கள் கட்டடத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்கக்கூடாது என்று உத்தரவும் போடுவார்கள். இன்டர்லாட்ஜ் என்று அதற்குப் பெயர். 2021 பிப்ரவரியில் ஒரு தடவை அது ஏறக்குறைய 60 மணி நேரம் நீடித்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய மான்டி அட்வாட்டர் 1945இல் பனிச்சரிவுகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கத் தொடங்கியது இந்த ஆல்ட்டாவில்தான். அமெரிக்காவில் பனிச்சரிவு பற்றிய முறையான ஆய்வுக்கு அதுவே தொடக்கம். அதன் பிறகு பல பதிற்றாண்டுகள் இந்தச் சாலைக்கு மேலே தொங்கிய பனியைப் பீரங்கியால் சுட்டுச் சரிய வைத்தார்கள்.

ரிசார்ட்டின் எல்லைக் கயிற்றுக்குள் இருக்கும்வரை இந்தக் கவலையை நமக்காக வேறு யாரோ படுகிறார்கள். விடியும் முன்பே மேலேறி, வெடி வைத்து, சரியவேண்டியதைச் சரியவிட்டு, அதற்குப் பிறகுதான் லிஃப்டைத் திறக்கிறார்கள். கயிற்றைத் தாண்டினால் பேக்கன்ட்ரி. அங்கே பனியைச் சோதித்தவர் யாருமில்லை.

புதுப்பனியின் எடையைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. யூட்டாவின் பனி உலர்ந்தது, அதில் நீர் சராசரியாக 8 சதவீதம்தான் என்பது இந்த ஊரின் பெருமை. அந்த லேசான பனியே 30 செ.மீ. விழுந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 24 கிலோ ஆகிறது. ஒரு ஹெக்டேர் சரிவின் மேல் 240 டன். நேற்று மாலை இல்லாத 240 டன் இன்று காலை இருக்கிறது. பழைய பனி இந்தச் சுமைக்கு மெல்ல மெல்ல இசைந்து கொடுக்கக் கூடியதுதான், அதற்கு அவகாசம் இருந்தால். மூன்று நாளில் 30 செ.மீ. விழுவதும் எட்டு மணி நேரத்தில் 30 செ.மீ. விழுவதும் ஒன்றல்ல. அதனால் எவ்வளவு விழுந்தது என்பதோடு எத்தனை மணி நேரத்தில் விழுந்தது என்றும் பார்ப்பேன். மணிக்கு இரண்டரை செ.மீ.க்கு மேல் கொட்டியிருந்தால் செங்குத்தான இடங்களின் நினைப்பே அன்றைக்குக் கிடையாது.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியம் அந்தப் பனி எதன் மேல் விழுந்திருக்கிறது என்பது. அதற்கு விடை தேட அக்டோபருக்குப் போகவேண்டும்.

அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ முதல் பனி விழும். தெற்கு பார்த்த சரிவுகளில் அது வெயிலுக்கு உருகிப் போய்விடும். வடக்கும் கிழக்கும் பார்த்த உயரமான சரிவுகளில் தங்கிவிடும். பிறகு சில வாரங்கள் புயல் எதுவும் வராமல், தெளிந்த வானமும் உறைய வைக்கும் இரவுகளுமாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்று உள்ளே தொடங்குகிறது. பனிக்கு அடியில் தரை பூஜ்யம் டிகிரியை ஒட்டியே இருக்கும். மேலே இரவுக் காற்று மைனஸ் 15. நடுவில் இருப்பது 40 செ.மீ. பனி மட்டும். ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே நீராவி கீழிருந்து மேலாக நகர்ந்து படிகங்களின் உருவத்தை மாற்ற ஆரம்பிக்கும். ஒன்றோடொன்று பிணைந்திருந்த சிறு படிகங்கள், பட்டை தீட்டிய முகங்களும் கூரிய விளிம்புகளும் கொண்ட தனித்தனி மணிகளாகிவிடும். கையில் அள்ளினால் உருண்டையாகப் பிடிக்க முடியாது, விரலிடுக்கில் உதிரும். சர்க்கரைப் பனி என்பார்கள் இங்கே. பனி மெலிதாக இருக்கும் ஆண்டில்தான் இது நன்றாக விளையும். ஆழமாக மூடியிருந்தால் அதே வெப்ப வித்தியாசம் இரண்டு மீட்டருக்குப் பரவிப் போய்விடும். மெலிந்த பனிதானே, என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இதன் மேல் டிசம்பர் புயல் வந்து ஒரு கெட்டியான பாளத்தை ஏற்றி வைக்கிறது. கேழ்வரகு கொட்டிக் கிடக்கும் சாய்தரையில் பலகையை வைத்து அதன் மேல் ஏறி நிற்பதற்குச் சமம் அது. பலகையின் ஒரு மூலையில் கால் பட்டால் போதும். அடியில் ஓரிடத்தில் நொறுங்கும் மெல்லிய அடுக்கு, அந்த நொறுங்கலைத் தன் போக்கில் நூறு மீட்டருக்குக் கடத்திவிடும். நிற்பவருக்கு மேலே கோடு கிழித்ததுபோல் பனி விண்டு, மொத்தப் பாளமும் நகரத் தொடங்கும். பனிச்சரிவில் உயிரிழந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், அந்த மூலையை மிதித்தவர் அவரேதான், அல்லது அவரோடு வந்தவர். எங்கிருந்தோ வந்து விழுந்த சரிவு மிக அரிது.

புதுப்பனிக்குள்ளேயே இருக்கும் பலவீனங்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் இறுகிச் சரியாகிவிடும். சர்க்கரைப் பனி அப்படியல்ல, வாரக்கணக்கில், சில ஆண்டுகளில் மாதக்கணக்கில், அப்படியே கிடக்கும். ஒவ்வொரு புயலும் அதன் மேல் சுமையைக் கூட்டிக்கொண்டே போகும்.

2020–21 குளிர்காலம் அப்படிப்பட்டது. முதல் பனி சீக்கிரமே வந்தது. பிறகு நீண்ட வறட்சி. மேற்கு மாநிலங்கள் பலவற்றில் பனியின் அடித்தளமே சர்க்கரையாகிக் கிடந்தது. ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் அதன் மேல் புயல்கள் வரிசையாக வந்தன. பிப்ரவரி முதல் வாரத்தில் மட்டும் அமெரிக்காவில் 15 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். அந்தப் பருவம் முழுக்க 37 பேர். பிப்ரவரி 6ஆம் தேதி சனிக்கிழமை, எங்கள் ஊரை ஒட்டிய மில் க்ரீக் பள்ளத்தாக்கின் மேலே வில்சன் க்ளேட் என்ற இடத்தில், ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுக்கள் ஒரே சரிவில் இருந்தபோது அது உடைந்தது. அந்த 8 பேரில் 4 பேர் போய்விட்டார்கள். எல்லோருமே இருபதுகளில் இருந்தவர்கள். தப்பியவர்கள் தங்கள் கையாலேயே மற்றவர்களைத் தோண்டி எடுத்தார்கள். பயங்கரமான முகடோ பாறை இடுக்கோ அல்ல அந்த இடம். மரங்களுக்கு நடுவே இருக்கும் வெளி. சாய்வு 30 டிகிரியைச் சற்றே தாண்டியது. பலரும் வழக்கமாகப் போய்வரும் பக்கம். அந்த விபத்தின் அறிக்கையை ஒவ்வொரு நவம்பரிலும் எடுத்துப் படிக்கிறேன். அவர்களிடம் குறை கண்டுபிடிக்க அல்ல. அன்று காலை அங்கே நான் நின்றிருந்தால் என் கண்ணுக்கு அந்த இடம் எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்டுக்கொள்ளத்தான்.

புயலுக்கு மறுநாள் காலை முதலில் செய்வது யூட்டா பனிச்சரிவு மையத்தின் முன்னறிவிப்பைப் படிப்பது. காலை ஏழரை மணிவாக்கில் வந்துவிடும். மேலே இருக்கும் நிறத்தையும் எண்ணையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக்கூடாது. அதோடு ஒரு வட்டப் படம் வரும்: எட்டுத் திசைகள், மூன்று உயர அடுக்குகள். 9,500 அடிக்கு மேல் வடகிழக்குச் சரிவு சிவப்பாகவும், அதே மலையின் தென்மேற்குச் சரிவு மஞ்சளாகவும் இருக்கும். அன்றைக்கு எங்கே போகலாம் என்பதில் பாதி முடிவு அந்தப் படத்திலேயே இருக்கிறது. அபாயத்துக்கு ஐந்து நிலைகள். நாலாவதும் ஐந்தாவதும் வந்தால் பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அதிகம் பேர் இறப்பது மூன்றாம் நிலையில். ஐந்தில் மூன்று என்றதும் நடுத்தரம்தானே என்று மனம் சொல்லும். மனிதர் மிதித்தால் சரிய வாய்ப்பு அதிகம் என்பதே அந்த மூன்றின் பொருள். மிதிக்கப் போவது நாம்.

அடுத்து காற்று. இதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. வானிலிருந்து விழுவதைப்போலப் பத்து மடங்கு வேகத்தில் காற்று பனியைக் கொண்டுவந்து ஓரிடத்தில் குவிக்க முடியும். பனிப்பொழிவு நின்றாலும் காற்று நிற்பதில்லை. நீல வானம், பளீரென்ற வெயில், முகட்டிலிருந்து மட்டும் வெண்புகையாகப் பனி பறந்துகொண்டிருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் முகட்டுக்கு அந்தப் பக்கம், காற்று அடங்கும் சரிவில், அந்த நிமிடத்திலும் பாளம் தடித்துக்கொண்டிருக்கிறது. வாசாட்ச்சில் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், ஆகவே கிழக்கும் வடகிழக்கும் பார்த்த சரிவுகளில் ஏறும். ஏற்கெனவே சர்க்கரைப் பனி ஒளிந்திருக்கும் அதே பக்கங்கள். காற்று கொண்டுவந்த பனி மழமழவென்று உருண்டையாகத் தெரியும், ஸ்கீ கம்பத்தால் குத்தினால் மேலே கெட்டியாகவும் உள்ளே மெதுவாகவும் இருக்கும். தட்டினால் மத்தளத் தோல் மாதிரி அதிரும் இடங்களும் உண்டு. அங்கேயெல்லாம் நான் நிற்கவும் மாட்டேன்.

நடக்க ஆரம்பித்த பிறகு மலையே மூன்று விஷயங்களைச் சொல்லும். பக்கத்துச் சரிவுகளில் புதிதாகச் சரிந்த தடம் இருக்கிறதா? ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடுகிறதா? காலடியில் 'வும்ஃப்' என்று அமுங்குகிறதா? அந்தக் கடைசிச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். சுற்றியிருக்கும் பனி மொத்தமும் ஒரு விரல்கடை இறங்கும், வயிற்றில் ஒரு பிடி பிடிக்கும். அடியில் இருந்த அடுக்கு நொறுங்கிவிட்டது என்று அர்த்தம். நின்ற இடம் சமதரையாக இருந்ததால்தான் எதுவும் நகரவில்லை. அதற்குப் பிறகு அந்த உயரத்தில் அந்தத் திசைச் சரிவில் வேறு எந்தச் சோதனையும் தேவையில்லை. வந்த வழியே மெதுவான சாய்வுக்குத் திரும்பிவிடுவோம்.

இப்போது தம்பி கேட்ட குழிக்கு வருகிறேன்.

குழி தோண்டுவதை நான் விட்டதில்லை. போக நினைக்கும் சரிவின் அதே திசை, அதே உயரம், ஆனால் ஆபத்தில்லாத சிறு சாய்வு ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒன்றரை மீட்டர்வரை தோண்டுவேன். சுவரைச் சீராகச் செதுக்கிக் கையால் அழுத்தி வருவேன். எந்த அடுக்கில் முஷ்டியே உள்ளே போகிறது, எதில் நாலு விரல், எதில் ஒரு விரல், எதில் பென்சில், எதற்குக் கத்தி வேண்டும் என்று மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போனால் அந்த வருஷத்துக் குளிர்காலம் முழுவதும் கைக்குத் தெரியும். மேலே கெட்டி, கீழே மெது என்று வந்தால் அங்கே நின்று உருப்பெருக்கியால் படிகத்தைப் பார்ப்பேன். பிறகு 90 செ.மீ. அகலம், 30 செ.மீ. உள்நீளத்தில் ஒரு தூணைச் சுற்றிலும் அறுத்துவிட்டு, அதன் ஒரு ஓரத்தில் மண்வெட்டியை வைத்துத் தட்டுவது. மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் விரிகிறது என்பதைவிட, விரிந்த விரிசல் தூணின் மறுகோடிவரை ஒரே ஓட்டமாக ஓடுகிறதா என்பதே முக்கியம். பனிச்சரிவு ஆய்வாளர்கள் கார்ல் பர்க்லண்டும் ரான் சிமன்ஹாய்ஸும் இந்தச் சோதனையை உருவாக்கியது அதைப் பார்க்கத்தான்.

ஓடினால் பதில் கிடைத்துவிட்டது: வேண்டாம். ஓடாவிட்டால்? அந்த 90 செ.மீ.யில் ஓடவில்லை, அவ்வளவே. பத்தடி தள்ளி, ஒரு பாறையை ஒட்டிப் பனி மெலிந்திருக்கும் இடத்தில் ஓடலாம். ஒரு சரிவில் பனியின் கனமும் பலமும் காலடிக்குக் காலடி மாறுகின்றன. ஒரு ஹெக்டேர் சரிவை மூன்றடித் தூண் ஒன்று வாக்குறுதி கொடுத்து அனுப்பிவைக்க முடியாது. அதனால் குழிக்கு நான் ஒரே ஒரு அதிகாரம்தான் கொடுத்திருக்கிறேன். போகலாம் என்று முடிவுசெய்த இடத்தை அது தடுக்கலாம். வேண்டாம் என்று காலையில் வீட்டில் உட்கார்ந்து ஒதுக்கிய சரிவை அது திறந்துவிட முடியாது. தனக்கு விருப்பமான சரிவின் அடியில் நின்று, சாதகமான பதில் வரும்வரை குழிமேல் குழி தோண்டும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது நெஞ்சு பதறும்.

குழி முடிவு செய்யாது என்றால் எது முடிவு செய்யும்? சாய்வின் கோணம். பனியின் உள்ளே என்ன நடக்கிறது என்பது ஊகம். கோணத்தை அளந்துவிடலாம். பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30இலிருந்து 45 டிகிரிக்குள் நடக்கின்றன, 38ஐச் சுற்றி மிக அதிகம். ஸ்கீ செய்ய மிகச் சுகமான கோணமும் அதுவே என்பது இந்த விளையாட்டின் பெரிய துயரம். சுவிட்சர்லாந்தின் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் சொன்ன எளிய கணக்கு ஒன்று உண்டு: இரண்டாம் நிலையில் 40 டிகிரிக்குக் கீழே, மூன்றாம் நிலையில் 35க்குக் கீழே, நான்காம் நிலையில் 30க்குக் கீழே இருந்துகொள். எங்கள் மலையில் அடியில் சர்க்கரை கிடக்கும் ஆண்டுகளில் மூன்றாம் நிலைக்கே நான் 30ஐ வைத்துக்கொள்கிறேன். வில்சன் க்ளேட்டை நினைத்தால் அதுவும் சற்று நெருக்கம்தான் என்று 27, 28க்கு இறங்கிவிடுகிறேன். கைப்பேசி வரைபடத்தில் கோணவாரியாக நிறமிட்ட அடுக்கு கிடைக்கும். ஆனால் சின்ன மேடு பள்ளங்களை அது விழுங்கிவிடும் என்பதால் இடத்திலேயே சாய்வுமானியால் அளந்தும் பார்க்கவேண்டும்.

நாம் நிற்கும் இடம் 20 டிகிரியாக இருக்கலாம். தலைக்கு மேலே 38 டிகிரிச் சரிவு தொங்குகிறதா என்றும் பார்க்கவேண்டும். சர்க்கரை அடுக்கு இருக்கும்போது கீழே சமதரையில் நடந்தபடியே மேலே இருப்பதை இழுத்துவிட முடியும். நொறுங்கல் சரிவேறிப் போகும். அதேபோல் கீழே என்ன இருக்கிறது? ஓடையின் குறுகலான பள்ளம் என்றால் சிறு சரிவும் ஆளை ஆழத்தில் புதைக்கும். மரங்களோ பாறையோ என்றால் புதையும் முன்பே அடிபடும். வட அமெரிக்காவில் பனிச்சரிவுச் சாவுகளில் ஏறக்குறைய கால் பங்கு அடிபட்டதால் நேர்பவை.

25 டிகிரிச் சரிவில் முழங்கால் ஆழப் புதுப்பனியில் இறங்கும் சுகத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று இந்தப் பிள்ளைகளிடம் மன்றாடிச் சொல்கிறேன். பனி ஆழமாக இருக்கும் நாளில் அந்தச் சாய்வே போதும், மனம் நிறையும்.

புயல் ஓய்ந்த முதல் வெயில் நாளை நான் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. அன்றைக்கு மலை நிலைப்பட்டிருக்காது, ஆனால் ஊரே மலைக்குப் புறப்பட்டிருக்கும். தடம் பதியாத பனி மதியத்துக்குள் தீர்ந்துவிடும் என்ற அவசரம் எல்லோர் முகத்திலும் இருக்கும். இயன் மெக்கேமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நடந்த 715 விபத்துகளை அலசி, மனிதர்களைச் சிக்கவைக்கும் எண்ணங்களை அடையாளம் காட்டினார். பழகிய இடம் என்ற தைரியம், முன்னால் போனவர்களின் தடம், குழுவில் கெட்டிக்காரர் ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதி, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற பிடிவாதம், மற்றவர்கள் முன்னால் மதிப்பு, தீர்ந்துவிடுமே என்ற பரபரப்பு. இதில் தடம் மிக மோசமானது. ஐந்து பேர் இறங்கியிருக்கிறார்கள், ஆறாவது ஆளுக்கு என்ன என்று தோன்றும். மெலிந்த அந்த ஒரு மூலையை முதல் ஐந்து பேரும் மிதிக்கவில்லை என்பதைத் தவிர அந்தத் தடங்கள் வேறெதையும் சொல்வதில்லை.

எங்கள் சிறு குழுவில் ஒரு ஏற்பாடு உண்டு. யாராவது ஒருவர் "எனக்கு மனசுக்குச் சரியாப் படல" என்றால் அதோடு பேச்சு முடிந்தது, திரும்பிவிடுவோம். காரணம் சொல்லவேண்டியதில்லை. அனுபவம் குறைந்தவர் சொன்னாலும் அதேதான். அண்ணா, அக்கா என்று மரியாதை பார்த்துப் பழகிய நமக்கு இது சற்றுக் கடினம். மூத்தவர் முன்னால் நடக்கிறார் என்றால் வாயைத் திறக்கத் தயங்குவோம். அதனால் கார் நிறுத்துமிடத்திலேயே இளையவரை முதலில் பேச விடுகிறேன். இன்றைக்கு எந்தச் சரிவு வேண்டாம், ஏன் என்று அவர் சொன்ன பிறகுதான் நான் வாய் திறப்பேன்.

இவ்வளவுக்குப் பிறகும் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. புதைந்தவரை முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்கிறது சுவிட்சர்லாந்தின் நாற்பதாண்டுத் தரவு. அதற்குப் பிறகு அந்த வாய்ப்பு சரசரவென்று சரிகிறது. அந்த நேரத்துக்குள் ஹெலிகாப்டர் வராது. கூட வந்தவர்தான் வரவேண்டும். அவர் மேலே பத்திரமான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால்தான் வர முடியும். ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்கவேண்டும் என்பது அதற்காகவே. பீக்கன் திசை காட்டும், ப்ரோப் ஆழத்தைச் சொல்லும், நேரத்தை விழுங்குவது மண்வெட்டி வேலை. சரிந்து நின்ற பனி இறுகிக் கல்லாகிவிடும். புதைந்தவரின் நேர் மேலே குழி பறிக்காமல், சரிவின் கீழ்ப்பக்கமாகத் தள்ளி நின்று பக்கவாட்டில் வெட்டிப் போகவேண்டும்.

இதைப் பருவத் தொடக்கத்தில் பழகவேண்டும், பிறகு மாதம் ஒருமுறையாவது. பையொன்றில் ஒரு பீக்கனை வைத்துப் புதைத்துவிட்டு, நண்பரை அனுப்பித் தேடச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள். அப்போதே இன்னொன்றையும் பழகிக்கொள்ளுங்கள்: எல்லா பீக்கனும் பேசுவது 457 கிலோஹெர்ட்ஸில், கைப்பேசி அதைக் குழப்பும். நடக்கும்போது இரண்டுக்கும் நடுவே 20 செ.மீ. இடைவெளி இருக்கட்டும், தேடும்போது 50 செ.மீ. பேட்டரியில் சூடேறும் கையுறை போட்டிருந்தால் தேடத் தொடங்கும் முன் அதையும் அணைத்துவிடுங்கள்.